மரத்துப் போகாத சிரிப்பு

“இங்கே யாருங்க சிரிச்சது?”

பல் மருத்துவமனையின் உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருசேர அவள் பக்கம் திரும்பினார்கள். காட்டிக்கொடுக்க இத்தனை பேரா!

அவள் மடியிலிருந்த புத்தகத்தை மூடவில்லை. “நான்தான். சிரிக்கக் கூடாதுன்னு சட்டமா?”

“உள்ளே ஒருத்தருக்குப் பல் எடுத்துட்டிருக்கேன். அவர் அலற, நீங்க சிரிக்க... அவர் என்ன நினைப்பார்?”

முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள். கோபப்பட முயன்று தோற்றுக்கொண்டிருந்த கண்கள்... மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று... சே, பல் வலியில் கவிதை வேறா என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அந்தச் சிரிப்பால்தான் இரண்டு வரன்கள் தட்டிப்போயின என்பது அண்ணியின் தீர்ப்பு. “வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா என்னடி?” என்பாள். பொத்த மாட்டேன் என்பதில் இவளுக்கு ஒரு வீம்பு.

அவள் முறை வந்தது. நாற்காலியில் சாய்ந்தாள்.

“அப்படி என்ன புத்தகம் அது?” என்று ஊசியில் மருந்தை ஏற்றியபடியே டாக்டர் கேட்டான்.

“ஒரு கணக்கு வாத்தியார் தன் கதையைத் தானே எழுதினது.”

“பெரிய சாதனையாளரோ?”

“எல்லாத்துலயும் தோத்தவர். அதுதான் ருசியே!”

“முன்னப்பின்ன தெரியாதவர் தோத்த கதை உங்களுக்கு எதுக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது. “நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல புகார் போன் எடுக்கிறவ டாக்டர். ‘தப்பு என் மேல இல்லை’ன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க... எங்க மேனேஜர் உள்பட. இந்த மனுஷன் ‘தப்பு என் மேலதான், உட்காருங்க, சொல்றேன்’னு ஆரம்பிக்கிறார். தன்னைப் பார்த்துத் தானே முதல்ல சிரிச்சுட்டவரை அப்புறம் யாரால மிரட்ட முடியும்? அதைப் படிச்சுட்டுப் படுத்தா, மறுநாள் போனை எடுக்கத் தெம்பு வருது.”

“ம்... ஒரு சாம்பிள் சொல்லுங்க.”

“நாற்பது வயசுல நீச்சல் கத்துக்கப் போறார். குளத்துல இறங்கினதும் ‘ஐயோ, முழுகறேன்’னு கத்தறார். கரையெல்லாம் கூட்டம். அவர்கிட்ட கணக்குல ஃபெயிலான பொண்ணு ஒண்ணு பக்கத்துல வந்து, ‘சார், எழுந்து நில்லுங்க, இடுப்பு வரைதான் தண்ணி’ங்குது!”

அவன் தோள்கள் குலுங்கின. கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஊசியையும் போட்டு முடித்தான்.

சற்றுப் பொறுத்து, சொத்தைப் பல்லில் கருவி பட்டதுதான் தாமதம்...

“ஆ...!”

வலி இடது பக்கம். மரத்திருந்தது வலது பக்கம்! கதை சொன்ன சுவாரசியத்தில் அவளும் கவனிக்கவில்லை. எதிரே நிற்பவருக்கு நோயாளியின் இடது, தன் வலது. தினமும் போடுகிற அந்தக் கணக்கு சிரிப்பில் குழம்பிவிட்டது. அவன் முகம் வெளுத்தது.

அலறல் கேட்டு அவன் அம்மா வந்தார். மருத்துவமனையே அவருடையது. ஒரே பார்வையில் எல்லாம் புரிந்தது அவருக்கு.

“சிலருக்கு நரம்பு அமைப்பே அப்படித்தாம்மா. நீங்களும் வாய் ஓயாம பேசிக்கிட்டே இருந்தா மருந்து எப்படிப் பிடிக்கும்?”

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லேன்... ஒரு வார்த்தை... அவன் தரையைப் பார்த்தான்.

கோணிய வாயோடு எழுந்தாள். “என் நரம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க பையனுக்குத்தான் முதுகெலும்பைத் தேடணும்!”

விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்தாள். கன்னத்தில் வழிந்ததில் மழை எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு... அவளுக்கே தெரியவில்லை. பாதி வழியில்தான் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தது உறைத்தது.

ஒரு வாரம் வீம்பாக வலியைத் தின்றாள். “வேற டாக்டரைப் பார்ப்போம். அங்கேயாவது அடக்கமா இரு” என்றாள் அண்ணி.

“இல்ல அண்ணி. அங்கேதான் போறேன். என் புத்தகம் அங்கே இருக்கு.”

புத்தகம் மட்டுமா, என்று மனசு கேட்டது. அதைக் கேட்காதது போல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வரவேற்பறை நிரம்பியிருந்தது. மேஜைக்குப் பின்னால் அவன் அம்மா. இவள் வாயைத் திறக்கும் முன்பே உள்ளறைக் கதவு திறந்தது. முகமூடி இல்லாமல் வந்தான். கையில் அவள் புத்தகம்.

“முழுக்கப் படிச்சுட்டேன்” என்றவன், கூட்டத்தின் பக்கம் திரும்பினான். “எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. போன வாரம் இவங்களுக்கு வலி இடது பக்கம். நான் ஊசி போட்டது வலது பக்கம். இவங்க மேல ஒரு தப்பும் இல்லை. முழுக்க என் தப்பு.”

“டேய்! என்னடா பேசறே? நம்ம மருத்துவமனை மானம்...”

“போனா போகட்டும்மா. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேனே... அதைவிடவா?”

கதவோரத்தில் ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து நழுவினார். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் கையைத் தூக்கினார். “தம்பி... எனக்கு வலது பக்கம். வேணும்னா பேனாவால ஒரு கோடு போட்டு வெச்சுக்கட்டுமா?”

அவளுக்குத்தான் முதலில் வெடித்தது. அடுத்து அவனுக்கு. பிறகு வலியை மறந்து அறையே சிரித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உள்ளே வாங்க” என்றான் அவன் மெதுவாக. “பல்லைப் பார்க்கணும். அப்புறம்... ஒண்ணு கேட்கணும். தினமும் இந்தச் சிரிப்பைக் கேட்க என்ன வழி?”

நாற்காலியில் உட்கார்ந்தவள் அவன் கையைத் தடுத்தாள். “வாயைத் திறந்துட்டா பேச முடியாது. அதனால இப்பவே சொல்லிடறேன்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா சிரிப்பைக் குறைக்க மாட்டேன். உங்களுக்காகவும் மாட்டேன், உங்கம்மாவுக்காகவும் மாட்டேன்.”

“குறைக்க வேண்டாம். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அம்மா ரெண்டு பேரையும் வெளியே துரத்துவாங்க... பரவாயில்லையா?”

“துரத்தட்டுமே!” என்று சொல்லிவிட்டு, அவள் வாயை அகலத் திறந்தாள்.