ஐந்தாவது தட்டு

பேட்டரி இல்லாத காரில் பம்ப் ஓடியது.

இரண்டே விநாடி. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் எழும்புவதற்கு முன், பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்குக்குள்ளிருந்து வருமே மெல்லிய ‘உய்ங்’, அதே சத்தம். கஜபதி ஸ்பானரும் கையுமாக நின்றுவிட்டான். பேட்டரியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தது அவன்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

மழைதான் என்று சொல்லிக்கொண்டான். மேனாம்பேட்டில் காலையிலிருந்து விடாத மழை. ஷெட்டின் தகரக் கூரையில் அது கொட்டுகிற இரைச்சலில் எது வேண்டுமானாலும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். செய்யப்போகிற வேலை அப்படிப்பட்டது. நாளை இன்ஷூரன்ஸ்காரர் வருவதற்குள் டேங்கில் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, பழுதான பம்பைக் கழற்றி நல்லதை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவன் சொன்ன பொய்யின் சாயம் வெளுத்துவிடும்.

போன மாதம் ரேணுகா இதே காரைக் கொண்டுவந்தாள். கொரட்டூர் ஃபிளாட்டில் இருப்பவள், ஐடி வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது என்றாள். பம்பாகத்தான் இருக்கும் என்று கஜபதிக்குத் தெரியும். அன்று கையாள் வரவில்லை. அவளுடைய ஒன்பது வயது மகள் கவிப்பிரியாவைப் பின் சீட்டில் காது வைத்துப் படுக்கச் சொன்னான்.

“நான் சாவி போட்றேன். உய்ங்னு கேட்டா ஒரு தட்டு தட்டு, இன்னா?”

குழந்தை நான்கு முறை தட்டினாள். ஐந்தாவது முறை தட்டவில்லை.

“அங்கிள், இந்த வாட்டி சத்தமே வரல.”

“நீ வெளாட்டுல கவனிக்கல பாப்பா” என்று சிரித்தான். சிரித்தான், பாவி. சீட்டைத் தூக்கிப் பம்பைப் பார்க்க உடம்பு வணங்கவில்லை. ரேணுகாவிடம், “ஒண்ணியும் இல்லமா. வண்டி சூப்பரா கீது, எத்துகினு போ” என்றான்.

இரண்டே நாளில் பூந்தமல்லி பைபாஸில் வண்டி செத்து நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. ரேணுகா பிழைத்தாள். பின் சீட்டில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. மெக்கானிக் என்று போலீஸ் கூப்பிட்டுக் கேட்டபோது கஜபதி கூசாமல் சொன்னான்: “டேங்க்ல பெட்ரோலே இல்ல சார்.” அன்றிலிருந்து ரேணுகா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். நசுங்கிய காரை இந்த ஷெட்டில் கொண்டுவந்து விட்ட அன்று அவனிடமும் கேட்டாள்.

“நான் பெட்ரோல் போட்டேனே அண்ணா... போடலையா?”

அவன் பேட்டரியைக் கழற்றக் குனிந்துகொண்டான்.

உய்ங்.

மறுபடியும். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கிக் காலடியில் போட்டான். உய்ங். பம்பையே வெளியே எடுத்துவிட்டால் சனியன் ஒழிந்தது என்று, நசுங்காத வலப்பக்கப் பின் கதவு வழியாக உள்ளே நுழைந்தான். பெட்ரோல் நெடி, ஊறிப்போன பஞ்சின் நாற்றம், நடுவில் எங்கிருந்தோ ஆரஞ்சு மிட்டாய் வாசனை. பின் கண்ணாடி இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதற்கு அப்பால் ஒரு முழத்தில் ஷெட்டின் சுவர். சீட்டைத் தூக்கக் கை வைத்தான்.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. மகள் விழுந்துவிடக் கூடாது என்று ரேணுகா போட்டுவைத்திருந்த, உள்ளிருந்து திறக்கவிடாத சைல்டு லாக்.

சட்டைப் பையைத் தடவினான். சாவி இல்லை.

முன்னால் ‘டிக்’.

“அங்கிள்.” டிரைவர் சீட்டிலிருந்து குரல். சீட்டுக்கு மேல் தலை எதுவும் தெரியவில்லை. “காது வச்சுப் படுங்க. சத்தம் கேட்டா ஒரு தட்டு.”

படுத்தான். கன்னத்தில் சீட்டின் ஈரம் ஒட்டியது.

உய்ங். தட்டினான்.

உய்ங். தட்டினான்.

மூன்று. நான்கு.

மழைச் சத்தம் இல்லை. எப்போது நின்றது?

டிக்.

பம்ப் ஓடவில்லை.

காதை அழுத்திக்கொண்டான். ஒன்றுமே இல்லை. வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஆனால் இங்கே சொன்னால் வெளியேயும் சொல்ல வேண்டும். போலீஸிடம். ரேணுகாவின் முகத்தைப் பார்த்து.

தட்டினான்.

முன்னால் சின்னதாக ஒரு சிரிப்பு.

“ஒண்ணியும் இல்ல அங்கிள். வண்டி சூப்பரா கீது.”

நீலத் தார்ப்பாய் வெளுக்கத் தொடங்கியது. சுவர் இருந்த இடத்தில், வெகு தூரத்தில், இரண்டு விளக்குகள். பெரிதாகிக்கொண்டே வந்தன.

கஜபதி கதவைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.