இறக்கை நனையட்டும்

ஏப்ரல் வெயிலில் ப்வெப்லா நகரமே வெந்துகொண்டிருந்தாலும் எங்கள் அருங்காட்சியகத்துக்குள் குளிரும். பழைய கல் வீடு. சுவரெல்லாம் முந்நூறு வருஷத்து முகங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவது என் வேலை. காட்டுவதாவது! ஒரு படத்தின் முன்னால் ஒரு மூச்சு நிற்பார்கள், முடியைச் சரிசெய்து தங்களையே படமெடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அதனால்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தேன். பிடித்த படத்தில் இருப்பவரைப் போலவே ஒருவர் அசையாமல் இருக்க வேண்டும். எந்தப் படமென்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதை மட்டும் அந்தக் கழுதைகள் உயிரைக் கொடுத்து விளையாடும்.

அன்று வந்த வகுப்பில் நாயெலியும் இருந்தாள். பதினாறு வயது, ஞானஸ்நானத்தில் நான் கையில் ஏந்திய என் ஞானமகள். அவள் அம்மா இறந்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். எனக்கென்று இருப்பதும் அவள் ஒருத்திதான்.

கடைசி அறையில் ஒரு சிறுமியின் படம். தலையில் மலர்க்கிரீடம், கோர்த்த கைகள், திறந்த கண்கள்.

"ஏய், ராணி மாதிரி படுத்திருக்கா பாருடா!" என்றாள் நாயெலி.

"நீயும் படு மகாராணி. மூஞ்சிதான் குரங்கு மாதிரி இருக்கும்," என்றான் யாயிர், அவள் வகுப்புப் பையன்.

அது செத்த பிள்ளை. எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பிள்ளையைச் சம்மனசு, இறக்கை வைத்த வானதூதர், என்பார்கள். பட்டு உடுத்தி, சாமந்திப் பூ முடித்து, அந்தக் காலத்தில் ஓவியரை அழைத்து வரையச் சொல்வார்கள். அவர் கண்ணை மட்டும் திறந்திருப்பதாக வரைந்துவிடுவார்.

"அது வேண்டாம்மா, அந்தப் பிள்ளை..."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பெஞ்சில் படுத்து, மார்பில் கைகளைக் கோர்த்துக்கொண்டாள். கண்கள் மேலே நிலைகுத்தின.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது.

சாமந்தி வாசம் வந்தது. பூவே இல்லாத அறையில்.

"போதும், ஜெயிச்சுட்ட. எழுந்திருடி," என்றான் யாயிர்.

அவள் இமைக்கவில்லை.

தொட்டேன். சில்லிட்டிருந்தாள். மூச்சு இல்லை.

படத்தை ஏறிட்டுப் பார்த்தேன்.

அந்தச் சிறுமி கண்களை மூடியிருந்தாள்.

யாயிர் டாக்டரைக் கூப்பிட ஓடினான். "அழாதீங்க டீச்சர்," என்று யாரோ என்னிடம் கிசுகிசுத்தார்கள். அந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது. சம்மனசு வீட்டில் பெற்றவளின் வாயைப் பொத்தி அதைத்தான் சொல்வார்கள்: "அழாதேடி, கண்ணீர் பட்டா இறக்கை நனைஞ்சிடும். பிள்ளை மேலே போக முடியாது."

நனையட்டும்! நன்றாக நனையட்டும்!

அவளைப் புரட்டிப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்து, ஊரே கூடட்டும் என்று ஒப்பாரி வைத்தேன். அவள் சட்டை சொட்டச் சொட்ட நனைந்தது.

அவள் இருமினாள்.

"மத்ரீனா, ஏன் இப்படி நசுக்குறீங்க? முதுகெல்லாம் ஈரம்."

ஞானத்தாயை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது.

சாப்பிடாமல் வந்த மயக்கம் என்றார் டாக்டர். திரும்பிப் பார்த்தபோது படத்தில் கண்கள் திறந்தே இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளை பிழைத்தாளே!

ஆனால் அன்றிலிருந்து எந்தச் சட்டை போட்டாலும் அவள் முதுகில் இரண்டு ஈரத் திட்டுகள். அவற்றைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வாரா வாரம் அவை சுருங்கிக்கொண்டே வந்தன. மறுபடி அழப் பார்த்தேன். கண்ணெதிரே துள்ளித் திரிகிற பிள்ளையைப் பார்த்து எப்படி அழுகை வரும்? வெங்காயம்கூட உரித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணீர் பலிக்கவில்லை.

இன்று காலை கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள். முதுகைத் தொட்டேன்.

காய்ந்திருந்தது.

"மத்ரீனா," என்று சிரித்தாள், "இன்னிக்கு உடம்பு என்னமோ லேசா இருக்கு."

வீட்டில் பூ எதுவும் இல்லை. சாமந்தி மணத்தது.