போட்டு வாங்கோ

மூன்றாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டில் முழங்கால் ஊன்றி, அருள்நாயகி அவசர அவசரமாகப் பூவிதழ்களைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். தும்புத்தடியால் கூட்டிப் பார்த்துவிட்டாள். ஈர இதழ்கள் சீமெந்தோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. நகத்தால் கிளப்பினால்தான் வந்தன. ஒரு படிக்கு ஒரு இதழ். செவ்வந்தி, நல்ல செம்மஞ்சள். காற்று கொண்டுவந்து போட்டிருந்தால் இப்படி ஒவ்வொரு படிக்கும் நட்டநடுவில், எண்ணி வைத்தமாதிரிக் கிடக்காது.

வலக்கை ஒன்றைத்தான் நம்ப முடிந்தது. இடக்கை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விறைத்துப்போய்க் கிடக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தாள், ஹீட்டரில் காட்டினாள், கம்பளிக் கையுறை போட்டாள். குளிர் போகவில்லை. இறைச்சிக்கடை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த துண்டு மாதிரி, அது தன் கைதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பின்னேரம் நாலரை மணிதான். அதற்குள் ஸ்ட்ரெதம் இருட்டிவிட்டது. பார்க் பக்கம் முதலாவது வாணம் சீறிக்கொண்டு எழும்பி வெடித்தது. நவம்பர் ஐந்தாம் திகதி, ஊர் முழுக்க வெடி கொளுத்துகிற நாள். மன்னாரில் ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்தவள் ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் யன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவாள். இன்றைக்கு அந்தச் சத்தம் ஆறுதலாகக்கூட இருந்தது. அது மனிசர் போடுகிற சத்தம்.

திங்கட்கிழமை இதழ்கள் கீழே பெரிய கதவடியில் கிடந்தன. தன் சப்பாத்தில் ஒட்டி வந்தவை என்று நினைத்தாள். நேற்று முதலாம் மாடியைத் தாண்டியிருந்தன. இன்று வேலை முடிந்து வந்தபோது, அவள் வீட்டு வாசலுக்கு ஆறு படி மிச்சம்.

இதழ் சேர்த்த பையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். துப்புரவாக்கிய படிகளில் எல்லாம் மறுபடியும் இதழ்.

நாலு படி மிச்சம்.

கதவைச் சாத்தினாள். திறப்பைத் திருகினாள். சங்கிலியைக் கொழுவினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆத்துமாக்கள் திருநாள். வழக்கமாகத் தமிழ்ச் சனம் பூசை கண்டு, மெழுகுதிரி கொளுத்தி, வீட்டுக்குப் போய்விடும். இந்த முறை அதே பங்கில் இருக்கிற மெக்சிக்கோக்காரர் கோயில் ஹோலில் தங்கள் முறைப்படி செத்தவர்களுக்கு விருந்து வைத்து, எல்லாரையும் அழைத்திருந்தார்கள். முன்னுக்கு நின்றவள் லூபே. அருள்நாயகியோடு பள்ளிக்கூடக் குசினியில் கிழங்கு சீவுகிறவள். இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டி. அதனாலேயே இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

படிப்படியாக அடுக்கிய மேசை. அதன்மேல் வெட்டுக் கடதாசித் தோரணம், சீனியில் செய்த மண்டையோடுகள், பாண், உப்பு, ஒரு கிளாஸ் தண்ணீர், நடுவில் படங்கள். வாசலிலிருந்து மேசைவரைக்கும் செவ்வந்தி இதழால் ஒரு பாதை. வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்றாள் லூபே.

பங்குச் சபைச் செயலாளர் சற்குணம் தன் மனிசியின் படம் என்று கலியாணப் படத்தையே கொண்டுவந்து வைத்தார். லூபே பாய்ந்து எடுத்தாள். மேசையில் உயிரோடு இருக்கிற ஒருவருடைய துளியும் இருக்கக் கூடாது, அது அந்த ஆளுக்கும் சாவு அழைப்பு வைக்கிற மாதிரி என்று சொல்லி, அவர் நின்ற பாதியில் ஊதாக் கடதாசியை ஒட்டினாள்.

"அவ இருக்கேக்கயும் என்னை இப்பிடித்தான் மூடி வைச்சவ," என்றார் சற்குணம். சனம் சிரித்தது.

அருள்நாயகி கொண்டுபோன படமும் முதலில் இரண்டு பேர் நின்ற படந்தான். விம்பிள்டனில் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. தன்னை அவள் எப்போதோ கத்தரித்து எடுத்துவிட்டாள். நீலக் கோட்டோடு அவளுடைய மனிசன் அருட்பிரகாசம் மட்டும் நின்றார். அவர் முழங்கையைப் பிடித்திருந்த அவளுடைய இடக்கையை மட்டும் கத்தரிக்க வழி இருக்கவில்லை. மணிக்கட்டோடு அது அங்கேயே தங்கிவிட்டது. மேசையில் வைக்கும்போது அந்த மூலையைப் பூ மறைத்தது.

அவர் யார் என்று லூபே கேட்கவே தேவையிருக்கவில்லை. பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் தனியாக இந்தப் பக்கம் குடிவந்தபோது, கோயில் வாசலில் வைத்து சற்குணம் விசாரித்தார், இவர் எங்கே என்று.

"அவர் இப்ப இல்லை, அண்ணை," என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நவம்பரிலிருந்து ஆத்துமாக்கள் பட்டியலில் அருட்பிரகாசம் என்ற பெயரும் ஏறியது. வருடத்தில் ஒருநாள், சுவாமியாருடைய வாயால், அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே அவள் முன்வரிசை வாங்கில் போய் இருப்பாள். வேறு எங்கேயும் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.

ஆறு மணிக்கு மெழுகுதிரிகள் ஏற்றினார்கள். அவருக்குப் பிடித்த மீன் கட்லட்டும் பிளேன்ரீயும் வைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள் லூபே. கூப்பிட்டாள். எட்டு மணிக்கு, இனி அவரவர் பாஷையில் விடைகொடுத்து அனுப்புங்கள் என்றபோது, மற்றத் தமிழ்ச் சனம் நித்திய இளைப்பாற்றிச் செபம் சொன்னது. அருள்நாயகி படத்துக்கு முன்னால் நின்றாள். வாசலில் நின்று ஆட்களை அனுப்பிப் பழகிய வாய், தன் பாட்டில் சொன்னது.

"சரி, போட்டு வாங்கோ."

சற்குணம் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, செத்த மனிசனைப் போட்டு வரச் சொல்லுறாய்?" என்று சிரித்தார். லூபே அர்த்தம் கேட்டாள். தமிழர் ஒருவரையும் 'போ' என்று அனுப்ப மாட்டார்கள், 'போய்விட்டு வா' என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினார். லூபே சிரிக்கவில்லை. அவள் மெழுகுதிரி அணைக்கும் கையை நிறுத்திவிட்டு, அருள்நாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தநாள் குசினியில், கிழங்கு வாளிக்கு மேலே குனிந்து, லூபே இரகசியமாகச் சொல்லித் தந்தாள். திரும்பி வரச் சொன்னவள் நீ, வர வேண்டாம் என்று நீயேதான் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல், ஒரே சொல்லில். அவர் வாசலுக்கு வருமுன் சொல்லிவிடு.

ஒரே சொல். போங்கோ.

இந்த மூன்று நாளில் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ தரம் வாயைத் திறந்தாள். வரவில்லை. இந்த வீட்டுப் பெல்லைக் கடைசியாக அடித்தது யார் என்று யோசித்துப் பார்த்தாள். மார்ச் மாதம், மீற்றர் பார்க்க வந்த ஆள். அதற்கு முன் ஞாபகம் இல்லை. அவளுடைய படியேறி வருகிறேன் என்று புறப்பட்டது உலகத்தில் ஒரேயொரு ஆள். அந்த ஆளை எப்படி வராதே என்பது?

அதனால்தான் சொல்லவில்லை. அதுதான் உண்மை. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

இப்போது கதவுக்கு உட்புறம் நின்று, ஃபிரிட்ஜின் முனகலையும், பற்றரி தீர்ந்த புகை அலாரம் நிமிடத்துக்கு ஒருமுறை போடுகிற 'கீச்'சையும், தூரத்து வாணங்களையும், அவற்றுக்கு அடியில் தன் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, கதவின் கீழ் இடுக்கு வழியாக, வெடிமருந்துப் புகையோடு புகையாய், வேறொரு வாசனை மெல்ல ஊர்ந்து வந்து அவள் காலடியில் நின்றது.

கோடாலித் தைலம்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து நெற்றியில் பூசிக்கொள்வார். தலையணை உறையெல்லாம் அதுதான் மணக்கும். அவள் அந்தத் தைலத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

கீழே பெரிய கதவு திறந்து சாத்திய சத்தம். பிறகு படியில் காலடி. ஒரு கால் அழுத்தி ஊன்றும், மற்றது இழுபடும். வான் வண்டி ஒன்று மோதியதிலிருந்து அவர் அப்படித்தான் நடப்பார். சர்ரக். டொக். சர்ரக். டொக். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும் இடைவெளி கூட அதே அளவு.

சற்குணம் அண்ணைக்கு எடுக்க வேண்டும். அவர் வந்தால், வெறும் குரலாவது வந்தால். ஃபோனை வலக்கையால் இழுத்தெடுத்தாள். திரையில் மறுபடியும் அந்த நீள நம்பர், ஒன்றில் தொடங்குகிறது. திங்கட்கிழமையிலிருந்து ஐந்து தரம் எடுத்துவிட்டார்கள். வரி ஓஃபிஸ் என்று சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் என்று அவள் எடுக்கவே இல்லை.

சர்ரக். டொக்.

இரண்டாம் மாடி.

ஒற்றைக் கையில் ஃபோன் வழுக்கியது. பெருவிரல் எங்கேயோ பட்டது. வேண்டாத பொத்தான், அழைப்பு எடுபட்டுவிட்டது.

கதவுக்கு வெளியே சத்தம் நின்றது.

மணி அடிக்கவில்லை. நகத்தால் தட்டினார். இரண்டு குட்டி, ஒரு நீட்டு. அவருடைய தட்டு.

"நாயகி."

அவள் ஃபோனை நெஞ்சோடு அழுத்தினாள்.

"வரச் சொன்னனி எல்லே."

அந்தக் குரலில் கோபம் இல்லை. களைப்பு. வெகுதூரம் வந்த களைப்பு. அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்ல வேண்டும். இப்போது விட்டால் இல்லை. ஒரே சொல்.

அதற்குள் கையிலிருந்த ஃபோன் கதைக்கத் தொடங்கியது. ஒரு பெண்ணின் குரல். அழுது அழுது வறண்ட குரல்.

"அக்கா, வைச்சுப்போடாதேங்கோ. நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவில இருந்து கதைக்கிறன். என்னில கோவம் இருக்கும். எண்டாலும் சொல்லாமல் இருக்க ஏலாது."

புகை அலாரம் 'கீச்' என்றது.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்லாத்தான் இருந்தவர். ஒரு வருத்தமும் இல்லை. சாப்பிட வந்து இருந்தவர், கோப்பையில கை வைக்கேல்லை. ஆரோ பேர் சொல்லிக் கூப்பிடுகினம், நான் போகவேணும் எண்டு எழும்பினவர். அவ்வளவுதான். விழுந்திட்டார். சரியா ஒரு மணி அக்கா. உங்கட பக்கம் ஆறு மணி."

மூச்சை இழுக்கும் சத்தம்.

"அவர் இப்ப இல்லை."

அருள்நாயகி கண்ணை மூடினாள். ஒன்பது வருடத்துக்கு முன் கோயில் வாசலில் அவள் சொன்ன அதே சொல். அன்றைக்கு அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கென்று கனடா போனவர் திரும்பி வரவில்லை, வேறொருத்தியோடு அங்கேயே இருந்துவிட்டார்; அவர் வீட்டில் இல்லை என்றுதான் சொன்னாள். கேட்டவர் தொப்பியைக் கழற்றினார். அவள் திருத்தவில்லை. இந்த ஒன்பது வருடமும், போன ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிவரைக்கும், அவள் அந்தப் படத்தைப் பூவுக்கு நடுவில் நிறுத்தி மெழுகுதிரி ஏற்றும்வரைக்கும், அருட்பிரகாசம் உயிரோடு இருந்தார்.

மேசையில் உயிரோடு இருக்கிற ஒருவருடைய துளியும் இருக்கக் கூடாது.

அவர் முழுதாக இருந்தார். பூவுக்கு அடியில் அவளில் ஒரு துளி இருந்தது.

"போங்கோ," என்றாள். வந்துவிட்டது. கடைசியில் வாயால் வந்துவிட்டது. "போங்கோ. வராதேங்கோ."

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் உள்ளே கேட்டது. உலோகத்தில் உலோகம் உரசும் மெல்லிய சத்தம். அவள் கீழே பார்த்தாள்.

விறைத்துப்போன இடக்கை, கையுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு, பழகிய கைபோல, நிதானமாக, சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தது.