அவன் சிரித்திருந்த படம்

நேற்று வரை படத்தில் மடிமேல் கிடந்த கை, இன்று வெங்கடேசனின் தோள்மேல் இருந்தது.

தேவிப்ரியா படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். போஸ்ட்கார்டு அளவுப் படம். ஆறு வருடத்துக்கு முன் கல்வராயன் மலைக் கோடை விழாவில், அருவி வரைந்த திரைக்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் புருஷனும் அவனுடைய முதல் மனைவி கோகிலவாணியும் எடுத்துக்கொண்டது. கோகிலவாணி காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. இப்போது அந்த நீலச் சேலைக்கு மேலே இருந்த முகம் தேவிப்ரியாவுடையது.

அவள்தான் மாற்றச் சொன்னாள். செத்தவள்மேல்கூட இல்லை, படத்தில் அவன் சிரித்த அந்தச் சிரிப்பின்மேல்தான் ஆத்திரம். கண் சுருங்கி, ஓரப்பல் தெரிய, தன் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடியும் கிடைக்காத சிரிப்பு. வெள்ளிக்கிழமை தோறும் வெங்கடேசன் பிஸ்கட் டின்னைத் திறந்து, செத்தவளுடைய கண்ணாடி வளையலையும் ரிப்பனையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்து அதேபோல் சிரிப்பான். இரண்டு வருடக் குடித்தனத்தில் தேவிப்ரியாவைப் பார்த்து ஒரு தரம்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரர் பழனி தயங்கினார்.

"செத்தவங்கள உயிரோட கீறவங்க பக்கத்துல எத்தினியோ பேருக்கு ஒட்டிக் குடுத்துகினு இருக்கேன்மா. உக்காந்த எடத்துலருந்து எழுப்பி வுட்டதில்ல."

"எழுப்புங்க. ரொம்ப நாளா உக்காந்துட்டா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தை அடுப்பில் போட்டாள். புதியதை டின்னில் வைத்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மலையை மூடியிருந்த மேகம் மத்தியானத்திலேயே இறங்கி, மக்காச்சோளக் கொல்லையைத் தாண்டி வாசல்வரை வந்து நின்றது. தகரக் கூரையில் தூறல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, அந்த ஓசைக்கு அடியில், சமையலறைக்குள், வளையல் போட்ட கை ஒன்று நிதானமாக மாவு பிசையும் சத்தம் கேட்டது. கூடவே, அவள் ஒருநாளும் தலையில் வைக்காத மரிக்கொழுந்தின் வாசம்.

போய்ப் பார்த்தாள். யாருமில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பற்றவைக்கவில்லை.

படத்தை டின்னில் போட்டு மூடுவதற்குள் வெங்கடேசன் கொல்லையிலிருந்து வந்துவிட்டான். தலையைத் துவட்டிக்கொண்டே டின்னோடு உட்கார்ந்தான். அவள் எதிரில் நின்றாள். முகம் மாறியதைக் கண்டுபிடித்தால் அடிப்பானோ என்ற பயத்தைவிட, கண்டுபிடிக்காமல் அதிலும் கோகிலவாணியையே பார்ப்பானோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அவன் நிமிர்ந்தான். பார்வை அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போயிற்று.

"பசிக்குது வாணி. சோறு போடு."

"ஏங்க, நான் இங்கதாங்க நிக்கறேன்."

அவன் காதில் விழவில்லை. டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். ஒரு சிவப்புக் கிளிப். காலையில் அவள் குத்தியது. தலையைத் தொட்டாள். முடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு சின்னசேலம் பஸ் டிக்கெட். போன மாதம் தாய்வீடு போனது. ஒரு மஞ்சள் கயிறு.

கழுத்தைத் தடவினாள். வெறுங்கழுத்து.

"பாவம்" என்றான், யாரிடமோ. "ரெண்டே வருசம்தான் இருந்தா."

கத்தினாள். தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியாக அந்தப் படத்தை எடுத்தான். உற்றுப் பார்த்தான். அவள் முகத்தைத்தான். அவளையேதான். மெல்லக் கண் சுருங்கியது. ஓரப்பல் தெரிந்தது.

அவளுக்கான சிரிப்பு.

பின்னால் வளையல் குலுங்கியது. மரிக்கொழுந்து வாசம் நெருங்கியது. நீலச் சேலை ஒன்று தட்டோடு தேவிப்ரியாவின் உடம்புக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. கோகிலவாணி அவன் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அவள் உதடு இறுகியது.

படத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரலை நாக்கில் ஈரப்படுத்தி, தேவிப்ரியாவின் முகத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

முதலில் வாயை.