புறங்கைச் சாம்பல்

“அந்த நெருப்ப யாருப்பா அணைச்சது?”

இதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். கோரா கேட்டுவிட்டாள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பா டார்வெல் நிமிரவில்லை. அவருடைய இடது கன்னத்தில் வரிசையாக நான்கு சாம்பல் பொட்டுகள். காலையில் துடைத்துவிட்ட அதே இடத்தில் மறுபடியும் வந்திருந்தன.

“மலை எரிஞ்சது மின்னலாலன்னு வனத்துறையே எழுதிட்டான். காலேஜ் படிக்கறவளுக்கு அது போதாதோ?”

“மின்னலுக்கு நம்ம முகாமோட விலாசம் எப்படித் தெரிஞ்சுதாம்?”

“வாய மூடுறியா, பொண்ணே? நாளைக்கு வேட்டைக்கு ஆளுங்க வர்றாங்க.”

காட்டுத்தீக்குப் பிறகு அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்து அந்த மலையை யாரும் நுழையாதபடி மூடி வைத்திருந்தார்கள். இந்த வாரம்தான் திறந்தார்கள். எல்க் மான் வேட்டைக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிவருவது டார்வெலின் பிழைப்பு. அந்தப் பிழைப்பில்தான் குடும்பத்தில் முதல் ஆளாகக் கோரா கல்லூரிக்குப் போனாள்.

கித்தான் கூடாரத்துக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரிந்து நின்ற பைன் மரங்கள் காற்றில் ஒன்றையொன்று உரசி, கதவை மெல்லத் திறப்பதுபோல் முனகின. ஈரக்கரியின் நெடி பனியையும் மீறி மூக்கில் ஏறியது. எங்கும் பனி மூடியிருந்தது. பழைய நெருப்புக்குழியின் மேல் மட்டும் ஒரு துளிகூட இல்லை.

தீக்கு முன், அப்பாவும் மகளும் இந்த முகாமைக் கலைத்த நாளில், டார்வெல் தணல்மேல் மண்ணை அள்ளிப் போட்டார். ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சோம்பல். கழுதைகளில் சுமை ஏற்றுகிற ஹாலிஸ் அருகில் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். தண்ணீர் ஊற்றி, கிளறி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சாம்பலுக்குள் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் நகர்வார். அவர் கோவேறு கழுதைகளோடு முன்னால் போயிருந்தார். வழியில் நின்று கேட்டார்:

“தண்ணி ஊத்தினீங்களா?”

“ஊத்தியாச்சு” என்றார் டார்வெல். ஹாலிஸ் கோராவைப் பார்த்தார். மறுநாள் கல்லூரி திறக்கிறது; திரும்பிப் போய்த் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மண்ணுக்கடியில் தணல் வேர் வேராக ஊர்ந்து, சில வாரம் கழித்துக் காட்டுத்தீயாக மேலே வந்தது. மேய்ச்சலில் இருந்த கழுதைகளை மீட்க ஹாலிஸ் மலையேறினார். கழுதைகள் தப்பி வந்தன. அவை பின்தொடர்கிற, கழுத்தில் மணி கட்டிய வெள்ளைக் குதிரை வரவில்லை. ஹாலிஸும் வரவில்லை.

“நோரீன் அக்கா என்னைப் பாக்கறப்பல்லாம் கேக்கறாங்க, ‘எங்க வீட்டுக்காரரு கடைசியா உங்கிட்ட என்னம்மா பேசினாரு’ன்னு. நான் என்னப்பா சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்லாத. லைசென்ஸ் போயிடும். நீ தின்ன சோறும் அதுதான்.”

“தெரியும். அதான் தொண்டையிலயே நிக்குது.”

கணீர்.

வெளியே கழுதைகள் கால்மாற்றுவது நின்றது. மூச்சு விடும் சத்தமும் நின்றது.

கணீர். மேல் சரிவில். பிறகு ஓடையருகே. பிறகு குழியருகே.

டார்வெலின் கையிலிருந்த எண்ணெய்த் துணி விழுந்தது.

“காத்து” என்றார்.

“காத்துக்கு மணி ஏதுப்பா? எங்கூட வாங்க. ரெண்டு பேரும் போய் நோரீன் அக்காகிட்ட சொல்லிடலாம்.”

“போனா மகளே இல்லேன்னு நெனச்சுக்குவேன்.”

கோரா கோட்டை மாட்டினாள். வாசல் கித்தானில் நான்கு பொட்டுகள். காலையில் இல்லை. அடுப்பின்மேல் நான்கு. அப்பாவின் போர்வையில் நான்கு. எது இன்னும் ஆறவில்லை என்று யாரோ புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததுபோல.

அவள் தன் கன்னத்தைத் தடவினாள். விரலில் சாம்பல் ஒட்டியது.

சூடாக.

கித்தானை விலக்கி வெளியே நடந்தாள். கழுதைகள் எல்லாம் அவிழ்ந்து, ஊருக்கு இறங்கும் பாதையில் வரிசையாக நின்றன. முன்னால் மணி அசைந்தது. அவளும் வரிசையில் சேர்ந்தாள். குழியைத் தாண்டும்போது மட்டும் பார்த்தாள்: சாம்பலுக்குள்ளிருந்து மணிக்கட்டுவரை ஒரு கை, புறங்கை மேலாக, பொறுமையாகக் கூடாரத்தின் பக்கம் நீண்டுகொண்டிருந்தது.