வேண்டுமென்றே விட்ட பிழைகள்

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் பகுதிப் பள்ளியின் வாசிப்பு மேசையில் நான் இருப்பேன். தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவள். சும்மா இருக்க வராது. எதிரே எட்டு வயது நிலோஃபர். நடுவில் பாக்கு அளவில் ஒரு செவிப்பொறி, வாசிப்பதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் காலத்தில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் காதிலிருக்கும் வாசிப்பான் படித்துச் சொல்லிவிடுகிறது. பிள்ளைகள் ஏன் கண்ணால் வாசிக்கப்போகிறார்கள்? அதனால்தான் எழுத்துக்கூட்டிப் படித்த கிழடுகளான எங்களைத் தொண்டுக்கு அழைத்தார்கள். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. அந்தத் தேநீரைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

நிலோஃபர் முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. தப்பாகிவிடுமோ என்று பயம். ஒருநாள் முதலை என்றிருந்ததை வேண்டுமென்றே முயல் என்று வாசித்தேன். "ஐயோ மிஸ், தப்பு! முதலை மிஸ்!" என்று குதித்தாள். பிறகென்ன, பக்கத்துக்கு ஒரு பிழை விட்டேன். அதைப் பிடிப்பதற்காகவே வரிவரியாக விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். தொண்டர்கள் எல்லோரும் இதைத்தான் செய்தோம். நடிப்பு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் மட்டும் காரியம் கெட்டுவிடும்.

நேற்று மதியளவை அதிகாரி இசக்கியப்பன் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ஜெசிந்தாம்மா, திங்கக்கிழமை நீங்க முதியோர் காப்பகத்துக்கு மாறணும். பூட்டு வெளிப்பக்கம்தான் இருக்கும், பயப்படாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப்போல் எழுபது தாண்டியவர்கள் தனியாக வாழ, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் மதியளவைத் தேர்வில் தேற வேண்டும். தொண்டர்களுக்கு மட்டும் விலக்கு. ஏன் விலக்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை, முட்டாள் நான். செவிப்பொறி இத்தனை நாளும் கேட்டது பிள்ளையை அல்ல, என்னை.

"ஏழு மாசத்துல இருநூத்திப் பதினாலு பிழைம்மா."

"சார், அதெல்லாம் வேணும்னே விட்டது! இப்பமே ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுதேன்."

"தொண்டர்களுக்குத் தெரியாம கேக்கதுதான் சோதனை, இப்ப தெரிஞ்சு வாசிச்சா செல்லாது. வேணும்னே விட்டதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க."

எல்லாருமா? போன மாதம் வராமல் நின்றுபோன தொண்டர் சவரிமுத்து, தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாக அல்லவா சொன்னார்கள்!

"உங்ககிட்ட வாசிக்க வர்ற பிள்ளை, ஆமா விளையாட்டுதான்னு சாட்சி சொன்னா அந்தப் பிழையெல்லாம் அழிச்சிரலாம்" என்றபடி உள்ளே நடந்தார்.

"பாப்பா, மிஸ் விளையாட்டுக்குத் தப்பா வாசிச்சாங்களா?"

"இல்ல சார்! மிஸ்ஸுக்கு நெசமாவே தெரியாது" என்றாள் நிலோஃபர், பெருமை தாங்காமல். "நான்தான் சொல்லிக்குடுக்கேன். வீட்ல தம்பிக்கும் நான்தான் வாசிச்சுக் காட்டுதேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்களே அவகிட்ட சொல்லுங்க. அவ ஒத்துக்கிட்டா போதும்."

ஒரே ஒரு வாக்கியம். என் வீடு, என் சாவி, நினைத்த நேரத்துக்குக் கடற்கரைக்குப் போய்வரும் என் கால்கள், எல்லாம் அதில் இருந்தன. வாயைத் திறந்தேன். அவள் வரியில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த விரல் இனி எந்த வரிக்கும் வராது என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா சார், அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா."

சொன்னது நான்தானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. இசக்கியப்பன் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இன்று காலையிலிருந்து பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தே செய்ததுதான். ஆனாலும் இதுவரை ஒரு புடவைகூட எடுத்து வைக்கவில்லை.