எட்டு எழுத்துக்குள்

வெண்டைக்காய்க்காரரின் சட்டையில் குத்தியிருந்த திரையில் 'மறைக்கிறார்' என்று எழுத்து எரிந்ததும், ஜெமிமா பொறுக்கி வைத்திருந்த காய்களைக் கூடையிலேயே போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்பது பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். முற்றல் காயை மறைத்தாரா, வீட்டுத் துக்கத்தை மறைத்தாரா என்று மறைசொல்லி சொல்லாது.

தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கருவி அது. கழுத்துக்குக் கீழே குத்திக்கொள்ள வேண்டும். எதிரில் ஆள் இருந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். வாய் வரை வந்தது திரும்பிப் போகும்போது தொண்டைத் தசை எப்படி நெளிகிறது என்று படித்து, அதற்குரிய வினைச்சொல்லைத் திரையில் காட்டும். அது இல்லாதவரைப் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தெடுத்தவள் ஜெமிமாதான். கருவி ஆங்கிலத்தில் பிறந்தது. நிறுவனம் அனுப்பிய பட்டியலில் ஒன்பது வினைகள் இருந்தன. எட்டுக்குச் சொல் அமைந்துவிட்டது. மிஞ்சியது 'ரெஸ்ட்ரெய்ன்'. 'அடக்கிக்கொள்கிறார்' என்று எழுதிப் பார்த்தாள். பத்து எழுத்து, திரையில் எட்டுக்குத்தான் இடம். 'அடக்குகிறார்' என்று சுருக்கினால் யாரையோ ஒடுக்குகிறார் என்று படும். அடக்கிக்கொள்வதும் ஒருவகை மறைப்புத்தானே என்று, 'கன்சீல்' என்பதற்கு வைத்திருந்த 'மறைக்கிறார்' என்ற சொல்லையே அதற்கும் வைத்துவிட்டாள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மாதிரிக்கு வந்த முதல் இரண்டு கருவிகளில் ஒன்றைத் தான் குத்திக்கொண்டு மற்றதைக் கணவர் தங்கையாவுக்குக் குத்திவிட்டாள். அன்று மாலையே அவர் சட்டையில் 'மறைக்கிறார்' எரிந்தது. என்ன என்று கேட்டாள். மறுநாளும் எரிந்தது. பதினோரு மாதம் தினமும் கேட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும், அவர் இரண்டு பைகளில் துணியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அங்கே விசைப்படகு இஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் எதிரே நிற்க ஆளில்லாததால் அவளுடைய மறைசொல்லி பெரும்பாலும் இருண்டே கிடந்தது.

மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது நிறுவனத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்திருந்தது. அகலத் திரை வைத்த புதுக் கருவி. கூடவே கடிதம்: இனி எழுத்துக் கணக்கில்லை, ஒரே சொல்லில் சேர்த்த இரண்டு வினைகளையும் பிரித்துத் தரவும்.

ஐந்து நிமிட வேலை. பிரித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பழைய பதிவுகளின் நினைவு வந்தது. கருவி ஒவ்வொரு நாளின் தசை அசைவையும் பதிந்து வைத்திருக்கும். வீட்டுப் பதிவேடு அவள் பெயரில்தான் இருந்தது. தங்கையாவின் பதினோரு மாதத்தையும் புதிய சொற்களால் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு நாளுக்கும் அதே வரி வந்தது: அடக்கிக்கொள்கிறார். கடைசி ஞாயிறு வரை உருட்டிப் பார்த்தாள். 'மறைக்கிறார்' என்று ஒரு நாள்கூட இல்லை.

சாப்பிடாமலே பஸ் ஏறினாள். புதுக் கருவி அவள் சேலையில் இருந்தது.

பட்டறையில் தங்கையா பெட்ரோலில் கை கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தார்.

"என்ன ஜெமி, இந்தப் பக்கம்?"

"ஒன்னு கேக்கணும். நீங்க ஒன்னையும் மறைக்கல. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சொல்லு ரெண்டும் ஒன்னாப் போயிட்டு. தப்பு என்னுது."

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். "சரி."

"எதத்தான் அடக்குனீங்க?"

"மொத நாளா? அன்னைக்கு ஆபீஸ்லருந்து நெத்தியில முத்திரை மையோட வந்த. அதோட நின்னுக்கிட்டு, மனுசன் மனசுக்குள்ள என்னெல்லாம் வச்சிருக்கான்னு பாஸ்டர் மாதிரி பிரசங்கம் பண்ணுத. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. சிரிச்சா கோவிச்சுக்குவன்னு அடக்குனேன்."

"அதச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒன்னுமில்ல ஜெமி, சிரிப்பு வந்துச்சுன்னு சொன்னேன். இது மறைக்கிறார்னு எரிஞ்சுது. நீ இதத்தான் நம்புன."

ஜெமிமா யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கு நினைவில்லை. திரையில் எரிந்த எழுத்து மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"அதுக்குப் பிறகும் எரிஞ்சுதே."

"தினம் கேட்டா கோவம் வரும்லா. அத அடக்குனேன். பெறவு அழுகை வந்துச்சு. ஆம்பள எங்க போயி அழ? அதையும்தான்."

பட்டறைக்கு வெளியே யாரோ இஞ்சினை முடுக்கிப் பார்த்து நிறுத்தினார்கள். ஜெமிமா அவர் சட்டையைப் பார்த்தாள். இத்தனையும் சொல்லி முடிக்கும்வரை அவருடைய மறைசொல்லி ஒருமுறைகூட எரியவில்லை.

"இது வேல செய்யலையா?" என்றாள்.

"நல்லாத்தான் செய்யிது. காலையிலகூட மொதலாளிட்ட எரிஞ்சுது." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். "உங்கிட்ட அடக்க இப்பம் ஒன்னுமில்ல ஜெமி. அதான்."

அவள் தலையை ஆட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். மார்பருகே வெளிச்சம் படர்வது அவளுக்கே தெரிந்தது. அகலத் திரையில் பத்து எழுத்தும் தாராளமாக நின்றன.

தங்கையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தார். என்ன என்று கேட்கவில்லை.

"அஞ்சே காலுக்கு ஒரு பஸ் இருக்கு," என்றார். "இப்பம் நடந்தா பிடிச்சிரலாம்."